லாங் ஷாட்டில் அறுத்த தாலி

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு, உதவி இயக்குநர்கள் மூன்று பேர் போன மாதம் வடக்கனந்தலில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் ஒரு டேப்லெட். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அதில் படம் பிடித்து வைத்துவிடுகிறார்களாம். அடுத்த ஷாட்டில் ஒரு பொத்தான் மாறியிருந்தால்கூட அதுவே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிவிடுகிறதாம். "இது இல்லாம நீங்கல்லாம் எப்படி சார் பண்ணீங்க?" என்று கேட்டார். எண்ணினோம் என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இரண்டு பக்கம் போதும் என்றார்கள். போதாது. மலரில் இடம் இல்லையென்றால் என் போட்டோவை எடுத்துவிடட்டும். அதில் எப்படியும் கண்ணாடி சரிந்திருக்கிறது.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக: சினிமாவை வரிசையாக எடுப்பதில்லை. கதாநாயகி வாசலில் நின்று அழுவதை ஐப்பசியில் எடுப்பார்கள். அதே அழுகையோடு உள்ளே நுழைவதைத் தை மாதத்தில் எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டும்போது கையில் அதே எண்ணிக்கை வளையல், தலையில் அதே முழம் பூ, கன்னத்தில் அதே அளவு ஈரம் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதற்குக் கன்டினியூட்டி என்று பெயர். வேலைக்கும் அதுதான் பெயர், அதைச் செய்கிற ஆளுக்கும் அதுதான் பெயர். முப்பத்து நான்கு வருஷம், அறுபத்தொரு படம், சினிமாக்காரர் ஒருவரும் என்னை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஒரு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரி எண்ணும் வேலையில் ஏழு மாதம் இருந்தேன். பிறகு சென்னை. இரண்டு பேரிடம் எடுபிடி, ஒருவரிடம் நாலாவது உதவி. அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். தொழில் கற்றது நான்காவதாகச் சேர்ந்த டைரக்டரிடம். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறுதான்.

பெரியவர் சத்தம் போட மாட்டார். ஒத்திகையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே "எத்தனை?" என்பார். எது எத்தனை என்று சொல்ல மாட்டார். வளையலா, படியா, பாத்திரமா, இருமலா என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாது என்று சொன்னால் மன்னிப்பார். "சுமார் பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான்; எழுந்து போய் வேனில் உட்கார்ந்துகொள்வார். சுமார் என்ற சொல் திரும்பப் பெறப்படும்வரை படப்பிடிப்பு நிற்கும். ஒரு முறை நான்கு மணி நேரம் நின்றது. ஒப்பனைக்காரர் அழுதார்.

என் நோட்டில் ஐந்து பத்தி உண்டு. காட்சி, ஷாட், உடம்பில் இருப்பவை, கையில் இருப்பவை, வாயில் இருப்பவை. வாயில் இருப்பவை என்றால் வெற்றிலைச் சிவப்பு, பீடியின் நீளம், பேசிய வசனம். வியர்வைக்கு மூன்று நிலை வைத்திருந்தேன்: துளி, கோடு, நனைவு. அறுபத்தொரு படத்தின் நோட்டுகளும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. என் மனைவி அவற்றுக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இனி சொல்லப்போகிற படத்தின் பெயரையும் எழுத முடியாது. பெயரை வெளியிட மாட்டேன் என்று ஒரு டி.வி. கம்பெனியார் என்னிடம் ஆறு இடத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் பழைய படம் என்றும் பொங்கல் படம் என்றும் எழுதுகிறேன்.

பழைய படம் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் பெரியவர் எடுத்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஓர் ஊரில் ஐம்பத்தொரு நாள் எடுத்தோம். கதை எளிது. மலையிலிருந்து கடுக்காய் ஏற்றிப் போகிற லாரி டிரைவர் ஒருவன், புதுப் பெண்டாட்டி. ஒரு நாள் பனியில் வளைவு தெரியாமல் லாரி பள்ளத்தில் போய்விடுகிறது. அவள் ஓடிவந்து பாறைமேல் நிற்கிறாள். கீழே ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாலியை அறுத்துப் பள்ளத்தில் எறிகிறாள். ஒரே லாங் ஷாட். ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. படம் நிலைத்ததே அந்த ஷாட்டால்தான்.

அந்த ஷாட்டில் நிற்பது கதாநாயகி இல்லை. அவருக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஷாட்டுக்கு முதல் நாள் அவருடைய அம்மா பெட்டியைக் கட்டிவிட்டார். "நிச்சயமான பொண்ணு. நடிப்புக்குக்கூட தாலியில கை வெக்க மாட்டா" என்றார். பெரியவர் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பி, "உயரம் எத்தனை?" என்றார். ஐந்தடி ஒன்றரை அங்குலம். "போய்க் கொண்டு வா" என்றார்.

இஞ்சு டேப்போடு போனேன். மரவள்ளிக்கிழங்கு சுமந்துகொண்டு பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒன்பதாவதாக வந்தவள் சின்னப்பொண்ணு, வயது பத்தொன்பது. உயரம், தோள், ஜடை மூன்றும் சரியாக இருந்தன. கழுத்தில் ஒரு கயிறு போடுவோம், நான் துண்டை ஆட்டியதும் அதை இழுத்து அறுத்துப் பள்ளத்தில் எறிய வேண்டும் என்று சொன்னேன்.

"இன்னா கயிறு?" என்று கேட்டாள்.

"மஞ்சக் கயிறு" என்றேன்.

தாலி என்று சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டாளோ என்று பயம். முந்தின காட்சியில் கதாநாயகி கழுத்தில் மூன்று முடிச்சு இருந்ததால், மூன்று முடிச்சுப் போட்டே தயாராக வைத்திருந்த கயிற்றைத் தலைவழியாக மாட்டிவிட்டோம். முதல் டேக்கில் பனி மறைத்துவிட்டது. இரண்டாவது ஓகே. பெரியவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பெரியவர் காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. நான் ஓய்வுபெற்று வடக்கனந்தலுக்கே திரும்பி நான்கு வருஷம் ஆனபோது அந்த டி.வி. கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய படத்துக்கு ஒரு தொடர்ச்சி. தியேட்டருக்கு இல்லை, பொங்கலன்று மட்டும் டி.வி.யில் ஓடும். காலை பத்து மணிக்குப் பழைய படம், ஒரு மணிக்குப் பொங்கல் படம். எழுதி இயக்குவது நிவேதிதா என்ற பெண், வயது இருபத்தொன்பது. பழைய படத்தை இருபத்திரண்டு தடவை பார்த்ததாகச் சொன்னார். சுமார் என்று சொல்லவில்லை, அதனால் ஒத்துக்கொண்டேன்.

"கதை என்னம்மா?" என்றேன்.

"பண்டிகை நாள்ல யாரும் சாகக் கூடாது சார். அது சேனல் ரூல். முடிஞ்சா ஏற்கெனவே செத்தவங்களும் திரும்பி வந்துடணும்."

அதுதான் கதை. லாரி டிரைவர் முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பொங்கலன்று மலையேறி வருகிறார். அதே பாறையில் வைத்து மனைவிக்கு மறுபடி தாலி கட்டுகிறார். எல்லாரும் பொங்கல் வைக்கிறார்கள். நடுவில் நான்கு விளம்பர இடைவேளை.

எடுத்தது ஐப்பசியில். பொங்கல் கரும்பு தை மாதத்துக்குத்தான் கறுத்து முதிரும். நிவேதிதாவுக்கு உடனே நூற்றிருபது கரும்பு வேண்டும். கள்ளக்குறிச்சியில் பாத்திரம் வாடகைக்கு விடும் ஜப்பார் பாய்தான் எங்களுக்கு உள்ளூர் ஏற்பாடு எல்லாம். அவர் ஆலைக்குப் போகும் வெள்ளைக் கரும்பை ஒரு டிராக்டர் கொண்டுவந்து இறக்கி, போர்டு எழுதுகிற இரண்டு பேரை வைத்து ஊதா பெயின்ட் அடித்தார்.

"கணக்கு சார், எண்ணிக்குங்க. நூத்தியிருபது. ஒண்ணு ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

எண்ணினேன். நூற்றுப் பதினேழு.

"அதெப்படி சார் கம்மியாவும்?" என்று சுற்றிலும் பார்த்தார். பாறைக்குப் பின்னால் இரண்டு ஆடுகள் ஊதா வாயோடு நின்றுகொண்டிருந்தன. அடுத்த மூன்று நாள் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அந்த ஆடுகள் வந்து நின்றன. அவற்றின் வாயை ஷாட்டுக்கு ஷாட் நோட்டில் எழுத வேண்டியிருந்தது. நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது.

அப்படிக் கரும்பை இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கயிறு சார் தானே நீங்க?"

திரும்பினேன். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"தெரீலயா? இஞ்சு டேப்பு வெச்சு அளந்தீங்களே, சந்தையில மாட்ட அளக்குற மாதிரி."

சின்னப்பொண்ணு. எல்லாரும் கேட்பதையே கேட்டேன். "கல்யாணம் ஆகி எத்தன புள்ளைங்கம்மா?"

"எனக்கு யாரும் தாலி கட்டல சார். அறுத்தது மட்டுந்தான்."

கரும்பு எண்ணிக்கை மறந்துபோனது. அவரே சொன்னார். பழைய படம் கள்ளக்குறிச்சி தியேட்டரில் ஓடியபோது மலையிலிருந்து லாரி லாரியாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஷாட் வந்ததும் "நம்ம சின்னப்பொண்ணுடோய்!" என்று ஊரே கத்தியிருக்கிறது. அடுத்த மாதம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரும் அதே படத்தைப் பார்த்திருந்தார்கள். "அறுத்த பொண்ணாச்சே" என்று எழுந்து போய்விட்டார்கள். இன்னும் இரண்டு இடம் வந்தது. அவர்களும் படம் பார்த்தவர்கள். படம் அப்படி ஓடியது.

"சினிமான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சினிமான்னு அவங்களுக்குத் தெரியாதா இன்னா? மலையில இருந்தா மட்டிங்களா? சினிமாதான், ஆனா கை யாரு கை? என் கை. கழுத்து யாரு கழுத்து? வூட்டுக்கு வூடு காதுகுத்து, வளைகாப்பு, பொங்கப்பானை. வராதேன்னு யாரும் சொன்னதில்ல. வான்னும் சொன்னதில்ல. காலைல நான் எதுக்க வந்தா, ஊர்க்கவுண்டரு பொண்டாட்டி பாப்பாத்தி ரெண்டு நிமிசம் நின்னு, அப்புறமாப் போவா. பஸ்ஸு போனாலும் பரவால்லன்னு நிப்பா."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தாளு திரும்பி வர்றாராமே, நெசமா?"

"யாரு?"

"லாரி டிரைவரு. என் வூட்டுக்காரரு."

நான் பதில் சொல்வதற்குள் விரலை நீட்டிவிட்டார். "வந்து தாலி கட்டுறாராமில்ல? அறுத்தது நான். கட்டுனாலும் எனக்குத்தான் கட்டணும். இந்த வருசப் பொங்கலுக்கு என் கையால ஒரு பிடி அரிசி ஊரு பானையில வுழணும். கன்டினிட்டி கன்டினிட்டின்னு கத்திக்கினு திரிஞ்சீங்களே, அதுக்கு இதுதானே சார் அர்த்தம்?"

முப்பத்து நான்கு வருஷம் நான் வளையலை எண்ணியிருக்கிறேன்.

நிவேதிதாவிடம் சொன்னேன். அவர் எதிர்பாராத வேகத்தில் சம்மதித்தார். கதாநாயகிக்கு இப்போது வயது அறுபது, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். பாறையேற முடியாது, லாங் ஷாட்டுக்கு டூப் எப்படியும் வேண்டும். நான் இருவரையும் அளந்தேன். கதாநாயகி ஐந்தடி ஒரு அங்குலம். சின்னப்பொண்ணும் ஐந்தடி ஒரு அங்குலம். இருவரும் சரியாக அரை அங்குலம் குறைந்திருந்தார்கள்.

அப்புறம்தான் சிக்கல். எழுபத்திரண்டு வயதுக் கதாநாயகர் நான்காம் நாள் சின்னசேலத்தில் ரயிலிலிருந்து இறங்கியதும், கதையை மாற்ற வேண்டும் என்றார். அவருடைய ஜோசியர், இந்த வயதில் செத்துப் பிழைத்தவனாக நடிப்பது ஆயுளுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். "நான் ட்வின் பிரதரா வரேம்மா. சிங்கப்பூர்ல இருந்து. அவன் செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

நிவேதிதா ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதிவிட்டார். இரட்டைச் சகோதரர் வருகிறார், அண்ணியை வணங்குகிறார், பொங்கல் வைக்கிறார். தாலி கட்டும் காட்சியே இல்லை.

காலையில் சின்னப்பொண்ணு குளித்து, மஞ்சள் பூசி, பாறையடியில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"சிங்கப்பூர்ல இருந்து தம்பி வந்து எனக்கு இன்னா ஆவணும்?" என்றார். அவ்வளவுதான். முகத்து மஞ்சளைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்து கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டார்.

ஜப்பார் பாயின் வேனை எடுத்துக்கொண்டு வடக்கனந்தலுக்கு இறங்கினேன். பரணில் ஏறிப் பழைய படத்தின் நோட்டு மூன்றையும் எடுத்தேன். இறங்கும்போது ஏணியின் கடைசிப் படியை எண்ணாமல் கால் வைத்ததில் கணுக்கால் பிசகியது. அது வேறு. மத்தியானம் மலைக்குத் திரும்பி, கதாநாயகரும் நிவேதிதாவும் உட்கார்ந்திருந்த கேரவனுக்குள் நோட்டோடு போனேன்.

"டிரைவரின் அம்மா 'ஒத்தப் புள்ளயப் பெத்தவ நான்' என்று மூன்று இடத்தில் சொல்கிறாள். இரண்டாவது ரீல், ஏழாவது ரீல், பன்னிரண்டாவது ரீல். வாயில் இருப்பவை பத்தியில் எழுதியிருக்கிறேன். இரட்டைப் பிள்ளை கிடையாது" என்றேன்.

"யாருக்கு சார் ஞாபகம் இருக்கப் போகுது?" என்றார் நிவேதிதா.

"பத்து மணிக்குப் பழைய படத்தைப் போடுகிறவர்கள் நீங்கள்தானே அம்மா? ஒரு மணிக்கு ஜனங்கள் மறந்துவிடுவார்களா? பன்னிரண்டாவது ரீலைப் பார்த்து முடித்துக் கை கழுவக்கூட நேரம் இருக்காது."

அவர் நகத்தைக் கடித்தார். கதாநாயகர் மட்டும், "எனக்கு ஜோசியர் வாக்குதான் முக்கியம். செத்துப் பிழைக்க மாட்டேன்" என்றார்.

"நீங்கள் சாகவே இல்லை சார்."

"என்னய்யா சொல்றீர்?"

"கடைசிக் காட்சியில் சக்கரம் ஒன்று, துண்டு ஒன்று, உடைந்த கண்ணாடிச் சில்லு நான்கு. உடம்பு இல்லை. பெரியவர் உடம்பைக் காட்டவில்லை. செத்ததாகச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டாள்."

கதாநாயகர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே எண்ணிப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷமா நான் செத்துட்டேன்னு நானே நினைச்சிட்டிருந்தேன்" என்றார். ஜோசியருக்கு போன் போட்டார். சாகாதவன் வீட்டுக்குத் திரும்பி வருவதில் ஆயுளுக்கு ஒன்றும் பங்கமில்லை, வடக்குப் பார்த்து மட்டும் நிற்க வேண்டாம் என்று ஜோசியர் சொன்னார்.

அடுத்தது ஊர்க்கவுண்டர். மலையூர்களில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்தான். நிவேதிதாவுக்குக் காட்சி கிடைத்தால் போதும். எனக்கு ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். கவுண்டருக்கும் எழுபதுக்கு மேல். பழைய படத்தில் கூட்டத்தில் நின்றவர்தான். நோட்டில் மூன்றாம் வரிசை, நீலத் துண்டு. பக்கத்தில் அவர் மனைவி பாப்பாத்தியம்மா, கண்ணாடியும் ஸ்கூல் பிள்ளை போடுகிற நீல ஸ்வெட்டருமாக, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தாளு சாவவே இல்ல?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப இவ அறுத்தது?"

"தப்பா அறுத்துட்டாங்க."

"அவசரப்பட்டுட்டா" என்று கவுண்டர் தலையை ஆட்டினார்.

செய்தி கேட்டு வாசலில் வந்து நின்ற சின்னப்பொண்ணுக்குப் பொறுக்கவில்லை. "நான் அவசரப்பட்டனா? கயிறு சாரு துண்ட ஆட்டுனாரு, நான் அறுத்தேன். அவசரம் அவரு துண்டுக்கு!"

கவுண்டர் எழுந்து வாசலுக்கு வந்தார். "படத்துல அறுத்தது படத்துலயே சேந்துட்டா ஊருக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஊரு பாக்கக் கட்டணும். ஒருவாட்டிதான் கட்டணும். கட்டிக் கட்டி அவுத்துக்கினு இருந்தா அது கணக்குல சேராது" என்றார்.

நிவேதிதாவிடம் ஒரே டேக் என்றபோது அதிர்ந்துபோனார். பாதுகாப்புக்காக இன்னொன்றாவது வேண்டும் என்றார். சின்னப்பொண்ணு நேராக அவர்முன் வந்து நின்றார்.

"கண்ணு, இன்னொருவாட்டி கட்டணும்னா மொதல்ல கட்டுனத அவுக்கணும். ஏற்கெனவே ரெண்டுவாட்டி அறுத்தாச்சு. ஒண்ணு பனியில போச்சு, ஒண்ணு படத்துல போச்சு. மூணாவது என்னால ஆவாது."

நிவேதிதா இரண்டு கேமராவும் ஒரு டிரோனும் வைத்தார்.

மறுநாள் காலை ஏழு இருபது. நான் நாற்பத்தொரு அம்சங்கள் எழுதிய பட்டியலோடு இரண்டு தடவை பாறையேறி இறங்கினேன், பிசகிய காலோடு. ஊரார் ஐம்பத்து நான்கு பேர், பானை ஐம்பத்து நான்கு. கதாநாயகருக்குப் பழைய படத்தில் போட்ட மாதிரியே டயர் செருப்பு தைத்து வைத்திருந்தேன். பனி விலக ஆரம்பித்தது. இன்னும் மூன்று நிமிஷத்தில் வெயில் வந்துவிடும். நிவேதிதா வாக்கிடாக்கியில் "ஆக்‌ஷன்" என்றார்.

நான் எண்ணிக்கொண்டே பார்த்தேன். ஒன்று: கதாநாயகர் காலில் டயர் செருப்பு இல்லை, கால் மருத்துவர் எழுதிக் கொடுத்த வெள்ளை ஷூ, பச்சைக் கோடு போட்டது. இரண்டு: கையில் கடிகாரம். மூன்று: இடது ஓரத்தில் ஜப்பார் பாயின் குடை. நான்கு: பனி ஈரத்தில் கரும்பின் ஊதா இறங்கிச் சின்னப்பொண்ணின் முந்தானையில் ஒழுகியிருந்தது. ஐந்து: ஆடு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தவறைப் பார்த்தால் கன்டினியூட்டி கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால் டேக் நிற்கும். என் நோட்டுக் கணக்கில் நான் நானூற்றுப் பதினேழு தடவை கை தூக்கியிருக்கிறேன். அன்று கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

கதாநாயகர் முதல் முடிச்சைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதற்கு விரல் வளையவில்லை. குளிரோ, வயதோ. கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தபடி நின்றுவிட்டார். சின்னப்பொண்ணு குனிந்த தலை நிமிரவில்லை. பின்கழுத்து மட்டும் தெரிந்தது. "மூணு, சார், மூணு" என்று நிவேதிதா வாக்கிடாக்கியில் கெஞ்சினார். அது யாருக்கும் கேட்கவில்லை. நான் வினாடியை எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று.

அப்போது இடது பக்கமிருந்து ஷாட்டுக்குள் ஒருவர் நடந்து வந்தார். நீல ஸ்வெட்டர், கண்ணாடி, இடது கையில் செல்போன். பாப்பாத்தியம்மா. செல்போனைக் கதாநாயகர் சட்டைப் பையில் செருகினார். "தள்ளுங்க" என்றார். கயிற்றை வாங்கி, மூன்றாவது முடிச்சைப் போட்டு, வலிக்கிற மாதிரி ஒரு தடவை இழுத்து இறுக்கினார். நாத்தனார் போட வேண்டிய முடிச்சு அது. பிறகு சின்னப்பொண்ணின் தலைமேல் கை வைத்தார். ஐம்பத்து மூன்று பேரும் பூப்போட்டார்கள். "கட்" சொன்ன பிறகுதான் பூ என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

"கட்" என்றார் நிவேதிதா. என் பக்கம் திரும்பினார். "கன்டினியூட்டி?"

"ஓகே" என்றேன்.

"சார், ஷூ?"

"பனியில் தெரியாது."

"அந்த ஸ்வெட்டர் போட்ட அம்மா?"

"நாத்தனார்."

"ஹீரோ ஒத்தப் புள்ளன்னு மூணு ரீல் நம்பர் சொன்னீங்க."

"பெரியப்பா மகள்."

"எந்த ரீல்ல வராங்க?"

"எடிட்டிங்கில் போய்விட்டது" என்றேன். அறுபத்தொரு படத்தில் நான் சொன்ன ஒரே பொய். அந்தப் பெண் என் முகத்தை மூன்று வினாடி பார்த்தார். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து, "டேக் ஓகே. பேக்கப்" என்றார்.

பொங்கலன்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு படத்தையும் பார்த்தேன். குளோசப்பில் முகம் கதாநாயகியுடையது, லாங் ஷாட்டில் கழுத்து சின்னப்பொண்ணுடையது. தவறு மொத்தம் ஒன்பது. ஸ்வெட்டரும் பூவும் சேர்த்துப் படப்பிடிப்பில் நான் எண்ணிய ஏழைவிட இரண்டு அதிகம். படம் முடிவதற்குள் சங்கத்து வாட்ஸாப் குழுவில் முப்பத்தொரு பேர் வெள்ளை ஷூவுக்கு வட்டம் போட்டு அனுப்பிவிட்டார்கள். "இதுக்கு கன்டினியூட்டி யாருப்பா?" என்று கேட்டிருந்தார்கள். நான்தான் என்று எழுதினேன். அப்புறம் ஒருவரும் ஒன்றும் போடவில்லை.

சாயங்காலம் ஜப்பார் பாய் மலையிலிருந்து கூப்பிட்டார். ஊர்ப் பொங்கலுக்குப் பானை கொண்டுபோனவர் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கணக்கு சார், ஒருத்தங்க பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தார்.

"படம் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"படமா? யாருக்கு சார் நேரம்?" சின்னப்பொண்ணுக்கு மூச்சு வாங்கியது. "விடியக்காலம் ஊரு பானையில மொத அரிசி போட ஆரம்பிச்சவ, இன்னும் உக்காரல. மேல வூட்ல கூப்புட்டாங்க, போட்டேன். கீழ வூட்ல கூப்புட்டாங்க, போட்டேன். நாளைக்கி ஒரு வளைகாப்பு, நாளானிக்கி ரெண்டு காதுகுத்து. இந்தப் பாப்பாத்தி எங்கப் போனாலும் என்னையுங் கூட்டிக்கினு போறா. காலு வீங்கிப்போச்சு சார். ஒரு நாளு வூட்ல சும்மா இருக்க வுட மாட்டேங்கிறாங்க."

எத்தனை வீடு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அங்கே யாரோ அவர் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

"வரேன்டி, வந்துக்கினே இருக்கேன்!" என்று அவரும் அதே சத்தத்தில் கத்தினார். போனை யாரிடமும் கொடுக்காமல், அணைக்காமல், எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டார்.